பத்திநாதன் ஆட்டமிழந்த விதம்

என் வலது கைச் சுட்டுவிரல் வானத்தைப் பார்த்தபடி நிற்கிறது. தூக்கியவன் நான்தான். ஆனால் அது எப்போது மேலே போனது என்று எனக்குத் தெரியவில்லை.

தென்னந்தும்புப் பாய் விரித்த ஆடுகளத்தின் மறுமுனையில் பத்திநாதன் நிற்கிறான். எங்கள் பள்ளிக்கூட அணியின் பதினோராவது ஆட்டக்காரன். வெற்றிக்கு மூன்று ஓட்டங்கள் தேவை. அவனுக்குப் பின்னால் விக்கெட் காப்பாளன் பந்தைப் பிடித்துக்கொண்டு குதிக்கிறான். காரைநகரிலிருந்து வந்த மற்றப் பத்துப் பேரும் குதிக்கிறார்கள். வேலியோரம் நின்ற எங்கள் சனம் மட்டும் அசையவில்லை.

பத்திநாதன் என் விரலைப் பார்த்தான். பிறகு முகத்தைப் பார்த்தான். மட்டையைக் கமக்கட்டில் இடுக்கிக்கொண்டு நடந்து போனான். கடற்பக்கமிருந்து காற்று அடித்தது. யாரோ வெயிலில் விரித்திருந்த கருவாட்டின் மணம் வந்தது.

அந்த ஆட்டத்தின் நடுவர் நான். தோற்ற அணியின் பொறுப்பாசிரியரும் நான். பள்ளிக்கூடத்துக்கு ஒருவராக இரண்டு ஆசிரியர்கள் நடுவராக நிற்பது அக்காலத்து வழக்கம். அவரவர் தம் பக்கத்துக்குச் சற்றே சாய்ந்து நிற்பதும் வழக்கம்தான்.

நான் சாயவில்லை. இந்த அத்தியாயம் அதைப் பற்றியது.

வெள்ளைக் காற்சட்டை

போன வாரம் ஆசிரியர் விடுதிச் சாப்பாட்டைப் பற்றி எழுதியதற்கு மூன்று கடிதங்கள் வந்தன. அந்தச் சொதியை நான் மிகைப்படுத்திப் புகழ்ந்துவிட்டதாக மூன்று பேரும் குறைப்பட்டிருந்தார்கள். அவர்களும் அங்கே சாப்பிட்டவர்கள். மன்னிக்கவும்.

அந்த விடுதியில் நான் தங்கியிருந்த முதல் வருடம் அது. வயது இருபத்துநான்கு. ஊர் அளவெட்டி. கடலைக் கரையில் நின்று பார்த்திருக்கிறேனே தவிர, கடல் சூழ்ந்த இடத்தில் இருந்ததில்லை. ஊர்காவற்றுறைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணித ஆசிரியராக நியமனம் கிடைத்தது. முதல் நாள் அதிபர் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

“மாஸ்டர், உம்மட்டை வெள்ளைக் காற்சட்டை இருக்கோ?”

“ஒண்டு இருக்கு சேர்.”

“அப்ப நீர்தான் கிரிக்கெட்டுக்குப் பொறுப்பு.”

“சேர், நான் கிரிக்கெட் விளையாடினதில்லை.”

“ஆர் உம்மை விளையாடச் சொன்னது? பெடியள் விளையாடுவாங்கள். நீர் காற்சட்டையைப் போட்டுக்கொண்டு நில்லும்.”

முன்பு பொறுப்பாக இருந்தவர் மாற்றலாகிப் போகும்போது தன் காற்சட்டையையும் கொண்டு போய்விட்டாராம். ஒரு வருடமாகப் பள்ளிக்கூடத்தில் நடுவர் இல்லை.

நூல்நிலைய அலுமாரியில் கிரிக்கெட் விதிகள் அடங்கிய புத்தகம் ஒன்று இருந்தது. நான்கு இரவுகளில் படித்து முடித்தேன். காலில் பந்து பட்டு ஆட்டமிழப்பது பற்றிய பக்கங்களைக் கறையான் தின்றுவிட்டது. அதனால் அந்தப் பருவம் முழுவதும் நான் யாருக்கும் அப்படி ஆட்டமிழப்புக் கொடுக்கவில்லை. தெரியாததைச் செய்யாமல் விடும் அளவுக்கு நான் நிதானமானவன் என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

அணியில் சரியாகப் பதினொரு பேர். பன்னிரண்டாவது ஆள் கிடையாது. ஒருவனுக்குக் காய்ச்சல் வந்தால் பத்துப் பேராக ஆடினோம். கமக்காரர் வீட்டுப் பிள்ளைகள் ஏழு பேர், கடற்றொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் நான்கு பேர். தலைவன் சிவராசா வேலணைப் புகையிலைக் கமக்காரரின் மகன். தலைமுடியை எண்ணெய் வைத்து வாரி, வகிடு கலையாமல் மட்டை பிடிப்பான். பந்து வீச்சுக்குப் பத்திநாதன். பதினேழு வயது. நீண்ட கை. பேச்சு குறைவு. அவன் பந்து வீசுவதைப் பார்த்தால் வலையைச் சுழற்றி எறிவது போலிருக்கும். மட்டை பிடிப்பதைப் பார்க்க எதுவும் இருக்காது, அதற்குள் முடிந்துவிடும்.

ஒரே ஒரு பந்து

வெளிநாட்டுச் சாமான் வருவது நின்றிருந்த காலம். ரொட்டிப் பாணுக்கு வரிசை, துணிக்கு வரிசை. கிரிக்கெட் பந்துக்கு வரிசைகூட இல்லை. யாழ்ப்பாணப் பட்டினத்தில் விளையாட்டுச் சாமான் கடைக்காரர் என்னை ஏறிட்டே பார்க்கவில்லை.

“பந்து இல்லை மாஸ்டர். கரம் போட் கிடக்கு, தரட்டோ?”

பள்ளிக்கூடத்தில் இருந்த ஒரே பந்தோடு பருவத்தைத் தொடங்கினோம். இரண்டாவது ஆட்டத்தோடு அதன் சிவப்பு போய்விட்டது. மூன்றாவது ஆட்டத்தில் தையல் விட்டது. பத்திநாதன் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் வலைநூலால் தைத்துக்கொண்டு வந்தான். நல்ல இறுக்கமான தையல். ஆனால் முன்னிருந்ததைவிட இரண்டு மடங்கு தடிப்பு. அதன்பிறகு அந்தப் பந்து நிலத்தில் குத்தினால் எந்தப் பக்கம் திரும்பும் என்று பந்துக்கே தெரியாது.

புங்குடுதீவில் இதற்கு ஆட்சேபம் எழுந்தது. அந்தப் பள்ளிக்கூட ஆசிரியர் பந்தைக் கையில் வைத்து உருட்டி உருட்டிப் பார்த்தார்.

“இதென்ன மாஸ்டர், பந்தோ, சுறா பிடிக்கிற தூண்டிலோ?”

“வேறை பந்து உங்களட்டை இருந்தாத் தாருங்கோ.”

அவர்களிடமும் பந்து இல்லை. ஆட்டம் தொடர்ந்தது. எங்கள் பந்தாலேயே எங்களை வென்றார்கள்.

நெடுந்தீவில் இரண்டு ஓட்டம்

நெடுந்தீவுப் பயணத்தைச் சொல்லாமல் போகக்கூடாது. குறிகாட்டுவானில் படகேறினோம். அரை மணி நேரத்துக்குள் கமக்காரர் வீட்டுப் பிள்ளைகள் ஏழு பேரும் படகின் விளிம்பைப் பிடித்துத் தலையைத் தொங்கப்போட்டுவிட்டார்கள். சிவராசாவின் வகிடு முதன்முறையாகக் கலைந்தது. நானும் அவன் பக்கத்தில்தான் தொங்கினேன். எங்கள் எட்டுப் பேரின் இடுப்பையும் மற்ற நான்கு பேர் மாறி மாறிப் பிடித்துக்கொண்டார்கள்.

“சேர், தூரத்திலை ஒரு பனையைப் பாருங்கோ. அலையைப் பாக்காதேங்கோ,” என்றான் பத்திநாதன்.

நான் பனையைப் பார்த்தேன். பனையும் ஆடியது.

முருகைக்கல் மதில்களுக்கு நடுவே மைதானம். பத்திநாதன் ஆறு விக்கெட் எடுத்தான். வெல்லும் நிலையில் இருந்தோம். அப்போது நெடுந்தீவின் குதிரைகள் ஏழெட்டு மைதானத்துக்குள் வந்து, பந்து தடுப்பவர்களோடு சேர்ந்து நின்று மேயத் தொடங்கின. யாரும் அவற்றைத் துரத்தவில்லை. அவர்களின் கடைசி ஆட்டக்காரன் அடித்த பந்து, நேராகச் சிவராசாவின் கைக்கு வரவேண்டியது, இடையில் ஒரு குதிரையின் வயிற்றில் பட்டு விழுந்தது.

“குதிரையிலை பட்டா ரெண்டு ஓட்டம்,” என்றார் அங்கத்தைய நடுவர்.

“அப்பிடி ஒரு சட்டம் புத்தகத்திலை இல்லையே?”

“உங்கடை புத்தகத்திலை குதிரை இருக்கோ?”

இல்லை. கறையான் தின்ற பக்கத்திலும் இருந்திருக்காது. பிறகு நாங்கள் மட்டை பிடித்துத் தோற்ற வித்தியாசம் ஒரு ஓட்டம்.

இப்படி நான்கு ஆட்டங்கள் ஆடி நான்கிலும் தோற்றோம். எனக்கு அதில் பெரிய கவலை இருக்கவில்லை. கவலை வேறு பக்கமிருந்து வந்தது.

மரவள்ளி

பள்ளிக்கூடங்களில் உணவுப் பயிர் செய்யவேண்டும் என்று கல்விக் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. எங்கள் வளவில் கிணற்றுக்குக் கிட்ட, கல்லில்லாமல், தட்டையாக இருந்த நிலம் ஒன்றுதான். அதில்தான் நாங்கள் கிரிக்கெட் ஆடினோம்.

அதிபர் கெட்ட மனிதர் அல்லர். எதையும் ஒரே பார்வையில் கணக்குப் பார்த்து முடித்துவிடுவார். சிவராசாவும் நானும் அவர் அறைக்குப் போனோம்.

“சேர், பின்வளவிலை நடலாம்,” என்றான் சிவராசா.

“பின்வளவு முழுக்கக் கல்லு. நீர் கமக்காரன்ரை பிள்ளை, உமக்குத் தெரியாதோ?”

“கல்லைப் பொறுக்கித் தாறம் சேர்.”

அதிபர் பேனையை மூடி வைத்தார். “இந்த வருசம் எத்தினை மாட்ச் வெண்டனீங்கள்?”

சிவராசா என்னைப் பார்த்தான். நான் சுவரில் தொங்கிய நேரசூசியைப் பார்த்தேன்.

“சரி. கடைசி மாட்ச் காரைநகரோடைதானே? அதை வெல்லுங்கோ. வெண்டா மைதானம் உங்களுக்கு. கல்லைப் பொறுக்கிப்போட்டு மரவள்ளியைப் பின்னாலை நடுவம். தோத்தா, திங்கட்கிழமை உழவு மெசின் வரும்.”

பையன்கள் அடுத்த இரண்டு வாரமும் விடிய எழும்பி வந்து பயிற்சி எடுத்தார்கள். ஆட்டத்துக்காக அல்ல, நிலத்துக்காகத்தான் அவர்கள் அப்படிப் பயிற்சி எடுத்தார்கள். அது தெரிந்த பிறகுதான் நானும் உண்மையில் அவர்களோடு சேர்ந்தேன். பந்து பொறுக்கிப் போட்டேன். என் வெள்ளைக் காற்சட்டையின் முழங்கால் கிழிந்தது.

அந்த விரல்

ஆட்டத்தன்று காலை ஆடுகளத்தில் தும்புப் பாயை விரித்து ஆணி அறைந்துகொண்டிருந்தேன். காரைநகர் அணியின் பொறுப்பாசிரியர் இராசரத்தினம் மாஸ்டர் பக்கத்தில் வந்து நின்றார். என்னைவிடப் பத்து வயது கூடியவர். வெற்றிலை போட்ட வாய். எதையும் சிரித்துக்கொண்டே சொல்வார்.

“மாஸ்டர், ஒரு கதை. கோவிக்கக் கூடாது. இந்தப் பக்கத்து அம்பயர்மாரைப் பற்றி அக்கரையிலை சனம் என்ன கதைக்குது தெரியுமோ?”

“என்ன?”

“பதினொரு பேரோடை வந்து பன்னிரண்டு பேரோடை விளையாடுறாங்களாம்.”

நானும் சிரித்தேன். கடைசி ஆணியை அரைவாசியோடு விட்டுவிட்டு எழுந்தேன். வேலையில் மனம் நிற்கவில்லை.

காரைநகர் அறுபத்தெட்டு ஓட்டம் எடுத்தது. எங்கள் ஒன்பது விக்கெட்டும் நாற்பத்தொன்பதில் விழுந்துவிட்டன. ஒரு முனையில் சிவராசா. மறுமுனைக்குப் பத்திநாதன் வந்தான். அந்தப் பருவம் முழுவதும் அவன் எடுத்திருந்தது ஒரேயொரு ஓட்டம். சனம் வீட்டுக்குப் போக எழும்பிச் சாரத்தைத் தட்டத் தொடங்கியது.

பூவரச மரத்தடியில் ஒருவர் மட்டும் அப்போதுதான் முன்னுக்கு வந்தார். பத்திநாதனின் தகப்பன் வஸ்தியாம்பிள்ளை. மகன் விளையாடுவதைப் பார்க்க அவர் வந்தது அதுதான் முதல் தடவை. அதற்காகத் தொழிலுக்குப் போகாமல் நின்றிருந்தார்.

பத்திநாதன் முதல் பந்தைத் தோணித் தண்டு வலிப்பது போல் இழுத்து அடித்தான். பந்து வேலிக்கு மேலால் போய் அடுத்த வளவுக் கோழிக்கூட்டில் விழுந்தது. பிறகு ஒரு நான்கு. பிறகு ஒன்று, இரண்டு, ஒன்று. ஓடும்போது செருப்பில்லாத அவன் கால்கள் பாயில் தப்தப்பென்று விழுந்தன. அறுபத்தாறு வந்தது. அவனுடைய கணக்கில் பதினான்கு.

அடுத்த பந்து வெளிப்பக்கமாக வந்தது. மரத்தடியிலிருந்து வஸ்தியாம்பிள்ளை கத்தினார்: “அடியடா!”

பத்திநாதன் குனிந்து வீசினான். ‘டக்’ என்று ஒரு சத்தம். பந்து காப்பாளனின் கையில். பதினொரு பேரும் என்னைப் பார்த்து ஒரே குரலில் கேட்டார்கள்.

எனக்குக் கேட்டது ஒரு சத்தம் மட்டும். அது எதில் பட்ட சத்தம் என்று நான் காணவில்லை. சந்தேகம் இருந்தால் ஆட்டமிழப்புக் கொடுக்கக் கூடாது என்று புத்தகத்தில் இருந்தது. அந்தப் பக்கத்தைக் கறையான் தொடவேயில்லை. ஆனால் அந்த நேரத்தில் என் தலைக்குள் இருந்தது புத்தகம் அல்ல. பன்னிரண்டாவது ஆள் என்ற அந்தக் கதைதான்.

விரல் மேலே போனது.

திங்கட்கிழமை

காலைக் கூட்டத்தில் அதிபர் என்னைப் பக்கத்தில் அழைத்து நிறுத்தினார்.

“சொந்தப் பள்ளிக்கூடம் எண்டும் பாக்காமல், நீதி எது எண்டு பாத்துத் தீர்ப்புக் குடுத்த மாஸ்டர் இவர். பிள்ளையள் இவரைப் பாத்துப் படிக்க வேணும்.”

கைதட்டச் சொன்னார். தட்டினார்கள். அணியில் பத்துப் பேரும் தட்டினார்கள், அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. பதினோராவது ஆள் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை.

கைதட்டல் ஓய்வதற்குள் உழவு மெசின் படலையால் உள்ளே வந்தது. மத்தியானத்துக்குள் ஆடுகளம் எது, மற்ற இடம் எது என்று சொல்ல ஏலாமல் போயிற்று.

அடுத்த நாளும் பத்திநாதன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. என் நேர்மையினால் ஒரு பிள்ளையின் படிப்பு நின்றுபோனது என்று முடிவுகட்டினேன். புதன்கிழமை பின்னேரம் அவன் வீட்டுக்குப் புறப்பட்டேன். போகும் வழியெல்லாம் ஆறுதல் வார்த்தைகளைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். வெற்றி தோல்வி பற்றி இரண்டு, உழைப்பைப் பற்றி ஒன்று.

வஸ்தியாம்பிள்ளையின் கேள்வி

கடற்கரையை ஒட்டிய வீடு. முற்றத்தில் வேப்பமரத்தின் கீழ் பத்திநாதன் இருந்து சோறு தின்றுகொண்டிருந்தான். என்னைக் கண்டு எழும்பினான். வஸ்தியாம்பிள்ளை உள்ளே போய் ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து, தோளில் கிடந்த துவாயால் துடைத்து வைத்தார்.

“இருங்கோ மாஸ்டர்.”

“தம்பி பள்ளிக்கூடம் வரேல்லை. மனம் உடைஞ்சு போனானோ எண்டு…”

“மாமாவுக்குக் காய்ச்சல் சேர்,” என்றான் பத்திநாதன். “தோணிக்கு ஆளில்லை. நாளைக்கு வருவன்.”

நான் கொண்டுபோன மூன்று வார்த்தைகளும் வீணாயின. தாய் பனங்கட்டியோடு தேத்தண்ணி கொண்டு வந்து தந்தார். குடித்தேன். பிறகு கேட்டேன்.

“பத்திநாதன், அண்டைக்கு அந்தப் பந்து மட்டையிலை பட்டதோ?”

அவன் தகப்பனைப் பார்த்தான். தகப்பன் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சொல்லன்ரா. மாஸ்டர் கேக்கிறார்.”

“படேல்லை சேர்.”

“அப்ப அந்தச் சத்தம்?”

“மட்டை ஆணியிலை பட்டது. பாயின்ரை ஓரத்திலை ஒரு ஆணி மேலாலை நிண்டது.”

அந்த ஆணி எனக்குத் தெரிந்த ஆணி. தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

“ஏன் அங்கையே சொல்லேல்லை?”

“சொன்னா விரலை இறக்கியிருப்பியளோ?”

யோசித்தேன். “மாட்டன்.”

“அதுதான் சேர்.”

அவன் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று சொல்பவனைப் போலச் சொன்னான். எனக்கு முகம் சுட்டது. பத்து வருடம் பிரம்படி வாங்கியபோதும் அப்படிச் சுட்டதில்லை.

வஸ்தியாம்பிள்ளை மெல்லத் தலையை நிமிர்த்தினார். “அப்ப… நான் கத்தினதாலை இல்லையோ?”

“என்னது அப்பு?”

“நான் கத்தினனான் தானே, அடியடா எண்டு. அந்தச் சத்தத்திலை நீ விடவேண்டிய பந்தை அடிச்சுப்போட்டாய் எண்டு… நாலு நாளாய் எனக்குச் சோறு இறங்கேல்லை. நான் அண்டைக்குத் தொழிலுக்குப் போயிருந்தா இவன் வெண்டிருப்பான் எண்டு இவளுக்கும் சொன்னனான்.”

தாய் தலையசைத்தார்.

“உங்களாலை இல்லை அப்பு,” என்றான் பத்திநாதன். “சேராலை.”

வஸ்தியாம்பிள்ளை என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் நான்கு நாள் பாரம் அப்படியே இறங்கியது.

“மாஸ்டராலையோ? அப்பச் சரி.”

மனைவியைப் பார்த்து, தனக்கும் சோறு போடச் சொன்னார்.

பிழை

அடுத்த நாள் காலை அதிபரிடம் போய், கூட்டத்தில் ஒரு வார்த்தை பேச அனுமதி கேட்டேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“மாஸ்டர், மைதானத்தை உழுதாச்சு. இனி ஏன்?”

“மைதானத்துக்காக இல்லை சேர். நீங்கள் என்னைப் பாத்துப் படிக்கச் சொன்னீங்கள். அது பிழை.”

“வாத்தியார் ஒரு பிழை விட்டவர் எண்டு பெடியளுக்குச் சொன்னா, நாளைக்குக் கணக்கும் பிழை எண்டுவாங்கள். அதை யோசிச்சுப் பாத்தனீரோ?”

யோசித்துப் பார்த்தேன். அதுவும் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் கூட்டத்தில் எழும்பினேன். நீளமாகப் பேசவில்லை. பத்திநாதன் ஆட்டமிழக்கவில்லை, நான் காணாமல் விரலைத் தூக்கினேன், பிறத்தியார் என்ன சொல்வார்கள் என்று பார்த்துத் தூக்கினேன், மட்டை பட்ட ஆணியை அரைகுறையாக அறைந்தவனும் நானே என்றேன். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன்.

யாரும் கை தட்டவில்லை. யாரும் தட்டச் சொல்லவுமில்லை. பத்திநாதன் கடைசி வரிசையில் நின்று தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். காதுகள் சிவந்திருந்தன.

அதிபர் சொன்னது நடந்தது. அடுத்த நாள் பத்தாம் வகுப்பில் ஒருவன் எழும்பி, “சேர், மூண்டாம் வரியிலை சக வரவேணும், சய போட்டிருக்கிறியள்,” என்றான். பார்த்தேன். கூட்டவேண்டிய இடத்தில் கழித்திருந்தேன். அதுவும் பிழைதான்.

மரவள்ளித் தடி நடும் வேலைக்கு அதிபர் கிரிக்கெட் அணியையே தெரிந்தெடுத்தார். பழகிய நிலம் என்று காரணம் சொன்னார். அவர் பகிடி விட்டாரா, உண்மையில் அப்படி நினைத்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சிவராசா தடிகளை நேர்கோட்டில் நட்டான். நானும் இரண்டு வரிசை நட்டேன்.

இராசரத்தினம் மாஸ்டர் வருகிறார்

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில் ஒரு மிதவை ஓடியது. அதைப் ‘பாதை’ என்பார்கள். ஆட்களையும் சைக்கிளையும் ஆட்டையும் ஏற்றும். அதைவிட வேகமாகச் செய்தியை ஏற்றும். மூன்றாம் நாள் இராசரத்தினம் மாஸ்டர் அதில் வந்து இறங்கினார். நட்டு முடித்த மைதானத்தின் ஓரத்தில் இருவரும் நின்றோம்.

“என்ரை கீப்பர் அண்டைக்குப் பாதையிலையே எனக்குச் சொன்னவன், மட்டையிலை படேல்லை எண்டு,” என்றார்.

“அப்ப ஏன் நீங்கள் எனக்குச் சொல்லேல்லை?”

“நீங்கள் விரலை அவ்வளவு உயரத்திலை வைச்சிருந்தீங்கள். அதை ஆர் ஏறி இறக்கிறது?”

வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

“அண்டைக்குக் காலமை நான் ஒரு கதை சொன்னனான். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. சரி, அது போகட்டும். எங்கடை மைதானத்திலை இன்னும் மரவள்ளி நடேல்லை. வாற சனிக்கிழமை வாருங்கோ. இன்னொருக்கா விளையாடுவம்.”

“பந்து?”

“உங்கடை சுறாத் தூண்டிலையே கொண்டு வாருங்கோ.”

பாதையில்

சனிக்கிழமை பதினொரு பேரும் நானும் பாதையில் ஏறினோம். பதின்மூன்றாவதாக வஸ்தியாம்பிள்ளை ஏறினார். வெளுத்த வேட்டி, வெளுத்த சேட். மறுபடியும் தொழிலுக்குப் போகாமல் வந்திருந்தார்.

“மாஸ்டர், நான் வாயே திறக்க மாட்டன்,” என்றார். மகனிடமும் சத்தியம் செய்துகொடுத்திருந்தாராம். துவாயின் ஒரு முனையைப் பல்லிடுக்கில் கடித்துக்கொண்டார்.

நான் நடுவராக நிற்க மறுத்தேன். சிவராசா விடவில்லை. “நீங்கள் நிக்காட்டி ஆர் சேர் நிக்கிறது? வெள்ளைக் காற்சட்டை உங்களட்டைத்தானே கிடக்கு.” கிழிந்த முழங்காலை விடுதிச் சமையற்காரர் தைத்துத் தந்திருந்தார். அதைப் போட்டுக்கொண்டு நின்றேன்.

நல்லபடியாகத் தோற்றோம். முப்பத்தொரு ஓட்ட வித்தியாசம். யாருக்கும் எந்தச் சந்தேகமும் வரவில்லை. கடைசியாக வந்த பத்திநாதன் முதல் பந்துக்கே தண்டு வலித்தான். மூன்று தடியில் இரண்டு பெயர்ந்து ஒன்று காப்பாளனைத் தாண்டிப் போய் விழுந்தது. அவன் விழுந்த தடியைப் பார்த்தான். பிறகு திரும்பி என்னைப் பார்த்தான்.

“சேர், வடிவாப் பாத்துச் சொல்லுங்கோ.”

முதலில் சிரித்தது காரைநகர்க் காப்பாளன். பிறகு சிவராசா. பிறகு எல்லோரும். நான் சிரித்து முடிப்பதற்குள் அவன் பாதி மைதானம் தாண்டிவிட்டான். வேலியோரம் வஸ்தியாம்பிள்ளை துவாயைக் கடித்தபடியே நின்றார்.

திரும்பும்போது பாதையில் கூட்டம். சந்தைக்குப் போய் வந்த பெண்கள், சைக்கிள்கள், இரண்டு ஆடு. தண்ணீர் அமைதியாக இருந்தது. பாதை கரையை விட்டு விலகியதும் வஸ்தியாம்பிள்ளை துவாயை வாயிலிருந்து எடுத்தார்.

பக்கத்தில் மீன்கடகத்தோடு இருந்த பெண் கேட்டார்: “எங்கை அண்ணை, வெள்ளை வேட்டியோடை? கலியாண வீடோ?”

“மகன்ரை மாட்ச் பாக்கப் போனனாங்கள்.”

“வெண்டதோ?”

“பொறு பிள்ளை, முதல்லையிருந்து சொல்லுறன்.”

அவர் தொடங்கினார். அன்றைய ஆட்டத்திலிருந்து அல்ல, அதற்கு முந்திய ஆட்டத்திலிருந்து. ஒன்பது விக்கெட் விழுந்தது, சனம் சாரம் தட்டியது, மகன் நடந்து வந்தது. முதல் பந்து கோழிக்கூட்டில் விழுந்ததைச் சொல்லும்போது எழும்பி நின்று கையால் வலித்துக் காட்டினார். ஆடு இரண்டும் ஒதுங்கின. பதினான்கு ஓட்டத்தையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒன்றையும் விடவில்லை.

பத்திநாதன் முன்பக்கம் கயிற்றுக்குக் கிட்ட, முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தான். கடலைப் பார்ப்பவன் மாதிரி இருந்தான். ஆனால் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் அவன் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது.

“சரி அண்ணை, வெண்டதோ இல்லையோ?” என்று பெண் மறுபடி கேட்டார்.

“அதுக்குத்தான் வாறன்,” என்றார் வஸ்தியாம்பிள்ளை. “இன்னும் ஒரு நாலு ஓட்டம் கிடக்கு.”

பாதை ஊர்காவற்றுறையில் முட்டியது. பெண் கடகத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். வஸ்தியாம்பிள்ளை அவருக்குப் பின்னாலேயே, கதையைச் சொல்லிக்கொண்டே, சந்தி வரைக்கும் நடந்து போனார்.